டிப்ளமோவுக்குப் பரீட்சை கட்டாயமா? அமெரிக்க ஹைஸ்கூல் தேர்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நியூயார்க், நியூஜெர்சி, டெக்ஸஸ் மூன்றையும் விரிவாகவும் மற்ற மாநிலங்களைச் சுருக்கமாகவும் எழுதியிருக்கிறோம். விதிகள் 2025 நிலவரப்படி. இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. அதனால் எந்த எண்ணையும் பள்ளிக் கவுன்சலரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பாடத்திலும் பாஸ். அப்படியும் டிப்ளமோவை நிறுத்தி வைக்க முடியுமா?

சில மாநிலங்களில் முடியும். பாடங்களை முடித்துக் கிரெடிட் (முடித்த பாடத்துக்குப் பள்ளி தரும் அலகு) சேர்ப்பது ஒரு கணக்கு, மாநிலம் நடத்தும் தேர்வில் தேறுவது வேறு கணக்கு. இரண்டும் நேரானால்தான் டிப்ளமோ. வகுப்பில் ‘பி’ வாங்கிக்கொண்டிருக்கும் பையன் மாநிலத் தேர்வு ஒன்று பாக்கி இருப்பது தெரியாமலே பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்துவிடுவது நடக்கிற கதைதான். ரிப்போர்ட் கார்டில் அது தெரியாது. டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் நான்கு வருட மார்க் பதிவில் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

இதை மத்திய அரசின் விதி என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 2015-ஆம் ஆண்டின் மத்தியக் கல்விச் சட்டம் மூன்று முதல் எட்டு வரை ஆண்டுதோறும், ஹைஸ்கூலில் ஒருமுறை, ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேர்வு நடத்தச் சொல்கிறது. அறிவியலுக்கும் ஹைஸ்கூலில் ஒரு தேர்வு உண்டு. அந்த மார்க்கை டிப்ளமோவோடு முடிச்சுப்போட வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. முடிச்சுப்போடுவது மாநிலங்களின் முடிவு.

எந்த மாநிலங்களில் இன்னும் இருக்கிறது?

ஒரு காலத்தில் ஏறத்தாழ பாதி மாநிலங்களில் இருந்தது. இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம்: நியூயார்க், நியூஜெர்சி, டெக்ஸஸ், ஃப்ளோரிடா, லூயிசியானா, ஒஹாயோ, வர்ஜீனியா. ஃப்ளோரிடாவில் பத்தாம் வகுப்பு ஆங்கிலமும் அல்ஜீப்ரா 1-ம். லூயிசியானாவில் மூன்று ஜோடி: இங்கிலிஷ் 1 அல்லது 2, அல்ஜீப்ரா 1 அல்லது ஜியாமெட்ரி, உயிரியல் அல்லது அமெரிக்க வரலாறு, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் தேறினால் போதும். ஒஹாயோவில் அல்ஜீப்ரா 1-லும் இங்கிலிஷ் 2-லும் 684 என்ற ஸ்கோர், அதோடு ‘சீல்’ எனப்படும் தகுதி முத்திரைகள் இரண்டு.

கலிஃபோர்னியா, ஜார்ஜியா, அரிசோனா, தென் கரோலினா, அலாஸ்கா, மாசசூசெட்ஸ் ஆகியவை கைவிட்டுவிட்டன. அங்கும் தேர்வுகள் நடக்கின்றன. டிப்ளமோ அவற்றை நம்பி இல்லை.

நம் ஊர் பத்தாவது, பிளஸ் டூ மாதிரிதானே?

இல்லை. அங்கே பொதுத்தேர்வு மார்க்தான் சான்றிதழ். வருடம் முழுக்க வகுப்பில் எப்படி இருந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே நான்கு வருட வகுப்பு மார்க்தான் டிரான்ஸ்கிரிப்ட், கல்லூரி பார்ப்பதும் பெரும்பாலும் அதைத்தான். மாநிலத் தேர்வு அதன் மேல் வைத்த குறைந்தபட்சத் தகுதி. அதில் ஸ்டேட் ரேங்க், கட் ஆஃப் எதுவும் கிடையாது. நம் வீடுகளில் இதையும் போர்டு எக்ஸாம் போலப் பாவித்து ஒன்பதாவதிலேயே கோச்சிங் சேர்ப்பவர்கள் உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வீண் செலவு. தேவைப்படும் பிள்ளைகள் சிலர்தான்: ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள், கற்றல் குறைபாடு உள்ளவர்கள், நடுவில் வந்து சேர்ந்தவர்கள். இவர்களுக்கும் கோச்சிங்கைவிட விதி தெரிந்திருப்பதுதான் பெரிய உதவி.

என் மகளுக்கு எந்த ஆண்டின் விதி?

நியூயார்க்கிலும் டெக்ஸஸிலும் ஒன்பதாம் வகுப்பில் நுழைந்த ஆண்டை வைத்து. நியூஜெர்சியிலும் ஒஹாயோவிலும் எந்த ஆண்டு பட்டம் பெறும் வகுப்பு என்பதை வைத்து. அக்காவுக்கு இருந்த விதி தங்கைக்கு இருக்காது. தெரிந்தவர்கள் சொன்னதைக் கேட்டுத் தடுமாறுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

நியூயார்க்கில் ரீஜென்ட்ஸ் எத்தனை எழுத வேண்டும்?

ரீஜென்ட்ஸ் என்பது நியூயார்க் மாநிலம் நடத்தும் ஹைஸ்கூல் தேர்வுகளின் பெயர். எழுத வேண்டியது ஐந்து. ஆங்கிலம் ஒன்று, கணக்கு ஒன்று, அறிவியல் ஒன்று, சமூகவியல் ஒன்று, ஐந்தாவதற்கு ‘பாத்வே’ என்று விருப்பத் தேர்வு. அந்த ஐந்தாவது இன்னொரு கணக்காகவோ அறிவியலாகவோ இருக்கலாம். தொழிற்கல்வி, கலை, வேற்றுமொழி வழியும் உண்டு. ஒவ்வொன்றிலும் 65. கூடவே 22 கிரெடிட். ஜனவரி, ஜூன், ஆகஸ்ட் என ஆண்டுக்கு மூன்று பருவம், தேர்வுக்கு மூன்று மணி நேரம்.

அறிவியலில் ஒரு கண்ணி இருக்கிறது. தேர்வறைக்குள் விடவே 1200 நிமிட லேப் முடித்திருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்து ஆசிரியர் ஏற்றிருக்க வேண்டும். 1200 நிமிடம் என்றால் இருபது மணி நேரம். காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று விட்டுப்போன லேபுகள் மே மாதத்தில்தான் தலைகாட்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வரும் குடும்பங்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். திரும்பிய வாரமே ஆசிரியரிடம் எத்தனை நிமிடம் குறைகிறது என்று கேட்டு, ஈடுசெய்யும் நாளை வாங்கிக்கொள்ளுங்கள்.

65 என்றால் நூற்றுக்கு 65 சரியாக எழுத வேண்டுமா?

இல்லை. 65 என்பது ஸ்கேல் ஸ்கோர், சதவீதம் அல்ல. அல்ஜீப்ரா 1-ஐ எடுத்துக்கொள்வோம். 2023 வரை நடந்த வடிவத்தில் 24 கொள்குறி வினா, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி, ஆக 48. அடுத்து 2 புள்ளி வினா எட்டு, 4 புள்ளி வினா நான்கு, 6 புள்ளி வினா ஒன்று. மொத்தம் 86. இதில் 65 என்ற ஸ்கேல் ஸ்கோருக்குப் பெரும்பாலான பருவங்களில் 30-ஐ ஒட்டிய புள்ளிகளே போதுமாக இருந்தன. அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நம் ஊர் 35 மார்க் பாஸுக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. 2024-இல் வந்த புதிய வடிவத்தில் 2 புள்ளி வினாக்கள் ஆறாகக் குறைந்து மொத்தம் 82 ஆயிற்று.

ஏன் இப்படி? ஒவ்வொரு பருவமும் வினாத்தாளின் கடினம் கொஞ்சம் மாறும். கடினமான தாள் கிடைத்தவர் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக, எடுத்த புள்ளியை ஒரு பொது அளவுகோலுக்கு மாற்றுகிறார்கள். மாற்று அட்டவணை ஒவ்வொரு பருவத்துக்கும் தனி. பழைய வினாத்தாளை வீட்டில் எழுதிப் பார்த்தால் அந்தப் பருவத்தின் அட்டவணையை வைத்தே மார்க் போட வேண்டும். வேறு பருவத்துடையதை வைத்துப் போட்டு வீணாகப் பயப்படுவார்கள், அல்லது வீணாக நிம்மதி அடைவார்கள். வினாத்தாள், விடைக் குறிப்பு, அட்டவணை மூன்றையும் மாநிலக் கல்வித் துறை இலவசமாகவே வெளியிடுகிறது. காசு கொடுத்து எந்த கைடும் வாங்க வேண்டாம்.

நான்கு விடையில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தொட்டால்கூட 24 வினாவில் சராசரியாக ஆறு சரியாகும், 12 புள்ளி. தவறுக்கு மைனஸ் மார்க் இல்லை. எதையும் காலியாக விடக் கூடாது. விரிவான விடைகளிலும் வழிமுறை சரியாக இருந்தால் விடை தவறானாலும் பாதிப் புள்ளி கிடைக்கும்; வழியே எழுதாமல் விடையை மட்டும் போட்டால் 4 புள்ளி வினாவில் பெரும்பகுதி போய்விடும். மனக்கணக்காகப் போட்டுப் பழகிய நம் பிள்ளைகள் புள்ளியை இழப்பது இங்கேதான்.

ஆங்கில ரீஜென்ட்ஸில் எங்கே சறுக்குகிறார்கள்?

இரண்டாம் பகுதிக் கட்டுரையில். பல ஆண்டுகளாக நடந்துவரும் அமைப்பு இது: முதல் பகுதி 24 கொள்குறி வினா, 24 புள்ளி. இரண்டாம் பகுதி நான்கு உரைகளைப் படித்து ஒரு பக்கம் எடுத்து வாதிடும் கட்டுரை. 6-க்கு மதிப்பிட்டு நான்கால் பெருக்குகிறார்கள், அதுவும் 24 புள்ளி. மூன்றாம் பகுதி ஓர் உரையை அலசும் சிறு எழுத்து. 4-க்கு மதிப்பிட்டு இரண்டால் பெருக்கினால் 8. மொத்தம் 56. ஆக அந்த ஒரே கட்டுரை மொத்தக் கொள்குறி வினாக்களுக்கும் சமம்.

கட்டுரையில் குறைந்தது மூன்று உரைகளிலிருந்து மேற்கோள் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் எவ்வளவு அழகாக எழுதினாலும் 3-க்கு மேல் கிடைக்காது. உரைகளையே தொடாமல் சொந்தக் கருத்தை மட்டும் எழுதினால் 1-ஐத் தாண்டாது. நல்ல ஆங்கிலம் எழுதும் பிள்ளை, ‘முன்னுரை, பொருளுரை, முடிவுரை’ என்று மனப்பாடம் செய்த சட்டகத்தில் பொதுவாக எழுதிவிட்டு 24-க்கு 4 வாங்கிவரும் மர்மம் இதுதான். எழுதி முடித்ததும் எத்தனை உரைகளை எண்ணோடும் வரி எண்ணோடும் குறிப்பிட்டிருக்கிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

63 வந்திருக்கிறது. மறுதிருத்தம் கேட்கலாமா?

கேட்க முடியாது. முன்பு கணக்கு, அறிவியல் தாள்களில் 60 முதல் 64 வரை வந்தால் பள்ளியே மறுபடி திருத்த வேண்டும் என்ற விதி இருந்தது. விளைவு என்ன தெரியுமா? மாநிலம் முழுக்க 65-இல் மார்க் குவிந்து, 64-இல் பள்ளம் விழுந்தது. ஆசிரியர்கள் இரக்கத்தில் ஒன்றிரண்டு புள்ளி சேர்த்திருந்தார்கள் என்று பொருளாதார ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2011-இல் அந்த மறுதிருத்தம் நிறுத்தப்பட்டது. கூட்டல் பிழையா, ஸ்கேல் அட்டவணையைத் தவறாகப் பார்த்தார்களா என்று மட்டும் சரிபார்க்கக் கேட்கலாம்.

ஆனால் மேல்முறையீடு இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. 60 முதல் 64 வரை வாங்கியிருக்க வேண்டும். அதே தேர்வைக் குறைந்தது இரண்டு முறை எழுதியிருக்க வேண்டும். அந்தப் பாடத்தில் வகுப்பு மார்க் பாஸாக இருக்க வேண்டும். பள்ளி தந்த கூடுதல் உதவி வகுப்புக்குப் போனதற்கு ஆதாரம் வேண்டும். பாட ஆசிரியரோ துறைத் தலைவரோ பரிந்துரைக்க வேண்டும். ஒரு தேர்வுக்கு மேல்முறையீடு ஏற்கப்பட்டால் ரீஜென்ட்ஸ் டிப்ளமோவே கிடைக்கும். இரண்டு தேர்வுக்கு என்றால், குறைந்த மார்க்கை ஏற்றுத் தரும் லோக்கல் டிப்ளமோ. கல்லூரிகளுக்கு இரண்டும் முறையான டிப்ளமோதான்.

இதில் கோட்டைவிடுவது ‘இரண்டு முறை’ என்ற இடத்தில். ஜூனில் 62 வாங்கிய பிள்ளை மனம் உடைந்து ஆகஸ்டில் எழுதாமல் விட்டால் மேல்முறையீட்டுக் கதவும் மூடியிருக்கும். தோற்றாலும் பரவாயில்லை, போய் எழுதி வரச் சொல்லுங்கள். இன்னொரு கணக்கும் இருக்கிறது: சரியாக எல்லைக்கோட்டில் நிற்கும் திறமையுள்ள பிள்ளை ஒரு முறை எழுதினால் தேற வாய்ப்பு பாதிக்குப் பாதி. மூன்று முறை எழுதினால், மேற்கொண்டு எதுவும் படிக்காமலேகூட, ஒரு முறையாவது தேறும் வாய்ப்பு எட்டில் ஏழு. எந்தத் தேர்வின் மார்க்கிலும் முன்பின் சில புள்ளி ஆட்டம் இருக்கும். 64-க்கும் 65-க்கும் அறிவில் வித்தியாசம் இல்லை. காகிதத்தில்தான் இருக்கிறது.

ரீஜென்ட்ஸே போகப்போகிறதாமே?

டிப்ளமோவுக்குக் கட்டாயம் என்ற நிலை போகப்போகிறது. 2027-28 கல்வியாண்டிலிருந்து என்பது மாநில ரீஜென்ட்ஸ் வாரியத்தின் திட்டம். தேர்வுகள் தொடரும். அதற்கு முன் பட்டம் பெறுபவர்கள் ‘எப்படியும் எடுக்கப்போகிறார்கள்’ என்று சும்மா இருந்தால் மாட்டிக்கொள்வார்கள்.

நியூஜெர்சியில் என்ன?

பதினொன்றாம் வகுப்பில், வசந்த காலத்தில், ‘என்.ஜே.ஜி.பி.ஏ.’ என்ற ஒரே தேர்வு. ஆங்கிலத்துக்கு இரண்டு அமர்வு, கணக்குக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். கணக்கில் அல்ஜீப்ரா 1-ம் ஜியாமெட்ரியும். 650 முதல் 850 வரை உள்ள அளவுகோலில் 725 வந்தால் பாஸ். முதலில் 750 என்று வைத்திருந்து, 2023-இல் மாநில வாரியம் குறைத்தது.

ஏன் சரியாகப் பதினொன்றில் என்றால், 1979-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மாநிலம் நடுவில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தையும் அல்ஜீப்ரா 1-ஐயும் வைத்துப் பார்த்தது. பதினொன்றாம் வகுப்புத் தேர்வு என்று சட்டத்தில் இருக்கும்போது இது செல்லாது என்று 2018 டிசம்பர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

725 வரவில்லை என்றால் இரண்டாவது வழி, மாற்றுத் தேர்வுகள். சாட், ஏ.சி.டி., பி.சாட், அக்யுபிளேசர் எனக் கல்லூரிச் சேர்க்கையை ஒட்டிய தேர்வுகளின் பட்டியல். சாட்டில் ஆங்கிலப் பகுதிக்கு 450, கணக்குக்கு 440 என்பது சமீப வகுப்புகளுக்கு இருந்த அளவு. ஆங்கிலத்தை ஒரு தேர்வாலும் கணக்கை வேறொன்றாலும் ஈடுகட்டலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் எப்படியும் சாட் எழுதுவதால் பலருக்கு இந்த வழியிலேயே வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் மார்க் தானாகப் பள்ளிக் கணக்கில் ஏறிவிட்டது என்று நம்பாமல், பதிவாகிவிட்டதா என்று கவுன்சலரிடம் கேளுங்கள்.

மூன்றாவது வழி போர்ட்ஃபோலியோ. பிள்ளை எழுதிய வேலைகளைத் தொகுத்துப் பள்ளி மாநிலத்துக்கு அனுப்பும். இது பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்கும், நேரம் பிடிக்கும். ஜூன் மாதப் பட்டமளிப்புக்கு ஏப்ரலில் ஓடினால் நடக்காது. டிசம்பருக்குள் பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

டெக்ஸஸில்?

‘ஸ்டார்’ தேர்வுகள் ஐந்து: அல்ஜீப்ரா 1, இங்கிலிஷ் 1, இங்கிலிஷ் 2, உயிரியல், அமெரிக்க வரலாறு. 2013-க்கு முன் இது பதினைந்தாக இருந்தது. பெற்றோர் கொதித்தெழுந்து சட்டமன்றம் குறைத்தது. ‘அப்ரோச்சஸ்’ என்ற நிலையை எட்டினால் பாஸ். அடுத்த நிலையான ‘மீட்ஸ்’ வரவில்லையே என்று சில பெற்றோர் கவலைப்படுகிறார்கள். டிப்ளமோவுக்கு அது தேவையில்லை. டிசம்பர், வசந்தம், ஜூன் என மூன்று வாய்ப்பு.

ஒன்றிரண்டு அரியர் நின்றுபோனால் 2015 முதல் ஒரு வழி இருக்கிறது: ஐ.ஜி.சி. எனப்படும் தனிநபர்க் குழு. பிரின்சிபல் அல்லது அவர் பிரதிநிதி, அந்தப் பாடத்தின் ஆசிரியர், துறையின் மூத்த ஆசிரியர், பெற்றோர் ஆகியோர் உட்கார்ந்து பேசுவார்கள். கூடுதல் பயிற்சியும், ஒரு ப்ராஜெக்டோ போர்ட்ஃபோலியோவோ கேட்பார்கள். வகுப்பு மார்க், வருகைப் பதிவு, சாட், ஏ.சி.டி. எல்லாவற்றையும் எடைபோட்டு முடிவெடுப்பார்கள். முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். அதிகபட்சம் இரண்டு தேர்வுக்கே இந்தச் சலுகை. தற்காலிகமாக வந்த ஏற்பாட்டை 2021-இல் நிரந்தரமாக்கினார்கள்.

அந்தக் கூட்டத்தில் பெற்றோர் பார்வையாளர் அல்ல, உறுப்பினர். உங்கள் ஓட்டும் கணக்கில் வரும். வேலை இருக்கிறது, ஆங்கிலம் சரளமாக வராது என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

ஸ்டாருக்குப் பதில் மூன்று சிறு தேர்வுகள் கொண்ட வேறொரு முறையை 2027-28 முதல் கொண்டுவர 2025-இல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். இப்போது ஹைஸ்கூலில் இருப்பவர்கள் தங்கள் வகுப்புக்கு என்ன பொருந்தும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பையன் தமிழ்நாட்டில் பத்தாவது முடித்துவிட்டு வருகிறான். இதெல்லாம் முதலிலிருந்து எழுத வேண்டுமா?

எவ்வளவு கிரெடிட் ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் காகித வேலைதான் உண்மையில் தேர்வைவிடப் பெரிய தேர்வு. டெக்ஸஸில் விதி தெளிவு: வெளியே முடித்த பாடத்துக்கு டிஸ்டிரிக்ட் (அந்த ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) கிரெடிட் கொடுத்துவிட்டால் அந்தப் பாடத்தின் ஸ்டார் எழுத வேண்டியதில்லை. அல்ஜீப்ரா 1-க்குக் கிரெடிட் வாங்கினால் ஒரு தேர்வு குறைந்தது.

சிக்கல் எங்கே என்றால், எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டில் ‘கணிதம்’ என்று ஒரே வரிதான் இருக்கும். அதில் அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் முக்கோணவியலும் இருப்பது கவுன்சலருக்குத் தெரியாது. ஒரு வரிக்கு ஒரு கிரெடிட் என்று போட்டு, இருபடிச் சமன்பாடு வரை முடித்த பையனை மறுபடி அல்ஜீப்ரா 1-இல் உட்கார வைப்பார்கள். ஒன்பது, பத்து இரண்டின் கணிதப் புத்தகப் பொருளடக்கத்தை ஆங்கிலத்தில் அச்செடுத்துப் போங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஆங்கில வழியிலும் இணையத்தில் கிடைக்கின்றன.

அடுத்தது, ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட். ஊரில் அதற்கு மதிப்பில்லை என்று விட்டுவிட்டு, பத்தாவது மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் மட்டும் கொண்டுவருவார்கள். இங்கே ஹைஸ்கூல் ஒன்பதில் தொடங்குகிறது. அந்த ஒரு வருடக் கிரெடிட் முழுவதும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. புறப்படும் முன் பள்ளி முத்திரையோடு வாங்கிவிடுங்கள். தமிழ் மொழிப்பாடத்தைப் பல டிஸ்டிரிக்ட்கள் வேற்றுமொழிக் கிரெடிட்டாக ஏற்கின்றன, கேட்டால். கேட்காவிட்டால் அந்தப் பிள்ளை ஸ்பானிஷ் முதலாம் பாடம் படித்துக்கொண்டிருக்கும்.

நியூயார்க்கில் பதினொன்று, பன்னிரண்டில் வந்து சேர்பவர்களுக்குச் சில ரீஜென்ட்ஸிலிருந்து விலக்குக் கொடுக்கப் பிரின்சிபலுக்கு இடம் உண்டு. எந்தத் தேர்வு, எந்த நிபந்தனை என்பதை எழுத்தில் வாங்குங்கள். நியூஜெர்சியில் பதினொன்றின் தேர்வு முடிந்தபின் வந்தால், சாட் வழிதான் பெரும்பாலும் சுருக்கமான வழி.

தேர்வைத் தமிழில் எழுதலாமா?

தமிழ் வினாத்தாள் கிடையாது. நியூயார்க்கில் ஸ்பானிஷ், சீனம், கொரியன், ரஷ்யன் போன்ற சில மொழிகளில் அச்சிட்ட மொழிபெயர்ப்பு இருக்கிறது. அச்சில் இல்லாத மொழிக்கு, ஆங்கிலம் கற்றுவரும் மாணவர் என்று பதிவானவருக்கு, ஆங்கிலத் தாள் தவிர மற்றவற்றில் வாய்மொழி மொழிபெயர்ப்பாளரைப் பள்ளி ஏற்பாடு செய்யலாம். இருமொழிச் சொற்பட்டியலும் கூடுதல் நேரமும் உண்டு. பள்ளி தானாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தேடாது. இரண்டு மாதம் முன்பே கேட்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் ‘வீட்டில் பேசும் மொழி’ என்ற இடத்தில் கௌரவத்துக்காக ஆங்கிலம் என்று எழுதிவிட்டால் இந்த உரிமை எதுவும் வராது.

ஒன்பதாம் வகுப்பிலோ அதற்குப் பிறகோ அமெரிக்காவுக்கு வந்த ஆங்கிலம் கற்போருக்கு, ஆங்கில ரீஜென்ட்ஸில் 55 முதல் 59 வந்தாலும் நியூயார்க்கில் மேல்முறையீடு செய்யலாம். கிடைப்பது லோக்கல் டிப்ளமோ.

பிள்ளைக்கு ஐ.இ.பி. இருக்கிறது. விதி மாறுமா?

மாறும், மாநிலத்துக்கு மாநிலம் வேறாக. ஐ.இ.பி. என்பது சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்குப் பள்ளி எழுதித் தரும் தனித் திட்டம். நியூயார்க்கில் 55 வந்தால் லோக்கல் டிப்ளமோவுக்குப் போதும். டெக்ஸஸில் தேர்வில் தேற வேண்டுமா என்பதையே சிறப்புக் கல்விக் குழு முடிவு செய்யலாம். நியூஜெர்சியிலும் ஐ.இ.பி. வழியாக விலக்கு உண்டு. கூடுதல் நேரம், தனி அறை, வாசித்துக் காட்டுதல் எதுவாக இருந்தாலும் ஐ.இ.பி.யிலோ, குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு வசதி செய்து தரும் 504 திட்டத்திலோ எழுத்தில் இருந்தால்தான் தேர்வு நாளில் கிடைக்கும். ஆசிரியர் வாய்வார்த்தையாகச் சொன்னது அன்றைக்கு உதவாது.

டிப்ளமோ கிடைத்துவிட்டால் போதும் என்று அவசரப்படாமல் ஒன்றை யோசியுங்கள். முறையான டிப்ளமோ வாங்கிய நாளோடு இலவசச் சிறப்புக் கல்வி உரிமை முடிந்துவிடும். வாங்காவிட்டால் பொதுவாக 21 வயது வரை, சில மாநிலங்களில் அதற்கு மேலும், தொடரும். வேலைப் பயிற்சியும் தனியாக வாழும் பயிற்சியும் தேவைப்படும் பிள்ளைக்கு இரண்டு மூன்று ஆண்டுச் சேவை பெரிய சொத்து. வேறு வகைச் சான்றிதழ்கள் இந்த உரிமையை முடிப்பதில்லை.

தேர்வு நாளில் எதனால் ரத்தாகிறது?

செல்போன். பையில் அணைத்து வைத்திருந்தாலும் கையருகே இருந்தாலே தாள் செல்லாமல் போகலாம். ஸ்மார்ட் வாட்சும் அப்படியே. அடுத்தது தாமதம். ரீஜென்ட்ஸ் காலைத் தேர்வு 9.15-க்கு, 10 மணிக்கு மேல் வந்தால் உள்ளே விட மாட்டார்கள். மதியம் 1.15, கடைசி நேரம் 2 மணி. டெக்ஸஸில் தேர்வு கணினியில். கட்டுரைகளுக்குத் தட்டச்சு வேகம் இல்லாமல் நேரம் போதாமல் போவது உண்டு. கையெழுத்தில் மட்டுமே எழுதிப் பழகி வந்த பிள்ளைக்குத் தட்டச்சுப் பழக்கம் கொடுங்கள்.

மாசசூசெட்ஸ் ஏன் கைவிட்டது?

மக்கள் ஓட்டுப்போட்டு எடுத்தார்கள். 1993-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தில் தொடங்கி, 2003-ஆம் ஆண்டு வகுப்பிலிருந்து ‘எம்காஸ்’ தேர்வில் தேறினால்தான் டிப்ளமோ. 2024 நவம்பர் தேர்தலில் இரண்டாம் கேள்வியாக இது வாக்குச்சீட்டில் வந்தது. ஏறத்தாழ 59 சதவீதம் பேர் எடுக்கச் சொன்னார்கள். ஆசிரியர் சங்கம் முன்னின்றது, ஆளுநர் மாரா ஹீலி எதிர்த்தார். இப்போது டிஸ்டிரிக்டே பாடங்களைப் பார்த்துத் தகுதிச் சான்று தருகிறது. எம்காஸ் நடக்கிறது, டிப்ளமோவைத் தடுப்பதில்லை.

இந்த நீக்கத்தை எதிர்ப்பவர்களின் அச்சமும் வெறும் பிடிவாதம் அல்ல. ஓர் ஊரில் ‘பாஸ்’ என்பதும் பக்கத்து ஊரில் ‘பாஸ்’ என்பதும் ஒன்றல்ல என்பது பள்ளி மாறிய எந்தப் பெற்றோருக்கும் தெரியும். பொது அளவுகோல் இல்லாவிட்டால் பலவீனமான பள்ளி தன் பலவீனத்தை மறைத்துவிடலாம். ஆனால் அதைக் கண்டுபிடிக்கத் தேர்வு நடத்தினாலே போதும். பள்ளியின் குறைக்குப் பிள்ளையின் டிப்ளமோவைப் பிணை வைக்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

இந்தத் தேர்வுகளால் படிப்பு உயர்ந்ததா?

தேசிய ஆராய்ச்சிக் குழுவின் வல்லுநர்கள் 2011-இல் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் எடைபோட்டார்கள். இத்தகைய தேர்வுகள் பட்டம் பெறுவோர் விகிதத்தைச் சுமார் இரண்டு சதவீதப் புள்ளி குறைத்தன, கற்றலை உயர்த்தியதற்குச் சான்று இல்லை என்பது அவர்கள் முடிவு. இரண்டு என்பது சிறிய எண் போலத் தோன்றும். அந்த இரண்டில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மாசசூசெட்ஸில் நடந்த ஓர் ஆய்வு, கணக்குத் தேர்வில் எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே விழுந்த நகர்ப்புற ஏழை மாணவர்கள், சற்று மேலே நின்ற அதே தரத்து மாணவர்களைவிட, பட்டம் பெறுவது எட்டு புள்ளி குறைவு என்றது. வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் அந்தப் பாதிப்புத் தெரியவில்லை.

நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது?

மாநிலம் இப்படித் தேர்வு வைக்கலாம், நிபந்தனையோடு. ஃப்ளோரிடா 1970-களின் கடைசியில் இதைத் தொடங்கியபோது முதல் சுற்றில் கறுப்பின மாணவர்களில் 78 சதவீதம் பேரும் வெள்ளையர்களில் 25 சதவீதம் பேரும் தவறினார்கள். அந்த மாணவர்கள் பள்ளிப் படிப்பைத் தொடங்கியது இனவாரியாகப் பிரித்த பள்ளிகளில். டெப்ரா பி. வழக்கு என்று பெயர்பெற்ற வழக்கில் 1979-இல் நீதிமன்றம் டிப்ளமோத் தடையை நான்கு ஆண்டு தள்ளிவைத்தது. 1981-இல் மேல்நீதிமன்றம் இரண்டு விதி வகுத்தது: போதிய முன்னறிவிப்பு வேண்டும், தேர்வில் கேட்பதை வகுப்பில் உண்மையிலேயே கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். ‘எங்கள் பள்ளியில் அந்தப் பாடமே நடத்தவில்லை’ என்ற புகாருக்கு இன்றும் சட்ட பலம் தருவது இந்தத் தீர்ப்புதான்.

தேறவே இல்லை, பள்ளி முடிந்துவிட்டது. இனி?

பள்ளியை விட்டு வந்தபிறகும் பாக்கித் தேர்வை எழுதலாம். முன்பு படித்த டிஸ்டிரிக்டைக் கேளுங்கள். சில பள்ளிகள் வருகைச் சான்று, நிறைவுச் சான்று என்று ஒன்று தந்து மேடையேற்றிவிடும். கவுனும் தொப்பியும் போட்டுப் புகைப்படம் எடுத்தாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. மத்தியக் கல்வி உதவித்தொகைக்கு அந்தச் சான்று செல்லாது. டிப்ளமோவோ அதற்கு இணையானதோ வேண்டும். இணையானதில் பரவலானது ஜி.இ.டி.: நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 145. ராணுவத்தில் ஜி.இ.டி.க்கு டிப்ளமோவைவிடக் குறைந்த முன்னுரிமைதான்.

பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் தேர்வில் தவறி டிப்ளமோ வாங்காமல் போனவருக்கு இப்போது கிடைக்குமா?

மூன்று மாநிலங்களில் நிச்சயம் கேட்டுப் பார்க்கலாம். கலிஃபோர்னியா 2015-இல் தேர்வை நிறுத்தியபோது, 2003-04 முதல் மற்ற எல்லாத் தகுதியும் முடித்து அந்தத் தேர்வில் மட்டும் தவறியவர்களுக்கு டிப்ளமோ தரச் சொன்னது. ஜார்ஜியாவும் அதே ஆண்டு, தென் கரோலினா அதற்கு முந்தைய ஆண்டு, இப்படியே செய்தன. தானாக வீட்டுக்கு வராது. கடைசியாகப் படித்த டிஸ்டிரிக்டுக்கு, அப்போதிருந்த பெயரில், பிறந்த தேதியும் படித்த ஆண்டும் குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால் அந்தச் சான்றின் நகலையும் இணையுங்கள். பள்ளி மூடப்பட்டிருந்தாலும் பழைய பதிவேடுகள் டிஸ்டிரிக்ட் அலுவலகத்தில் இருக்கும்.